தடிமன் குளிசை போட்டா நெஞ்சு படபடக்குது, நித்திரை வருதில்லை, வாய் காயுது: என்ன செய்யலாம்?

எழுவான்கரை
மழை தொடங்கினதோட மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் எங்க பார்த்தாலும் தடிமன். குளிசை போட்டா மூக்கு கொஞ்சம் திறக்குது எண்டுதான் கனபேர் சொல்றாங்க. ஆனா நெஞ்சு அடிக்குது, ராவைக்கு நித்திரை இல்லை, நாக்கு ஒட்டுது எண்டு ஒரு பக்கம். மற்றப் பக்கம் அதே குளிசையைப் போட்டு நாள் முழுக்கத் தூங்கி விழுற ஆக்கள். ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுது? இதைச் சமாளிக்கிறது எப்படி? மருந்து விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்க.

மருந்துக்கடை_கல்லடி
"அதே குளிசை" எண்டு நினைக்கிறதுலதான் பிழை தொடங்குது. தடிமன் குளிசை எண்டு விக்கிற ஒண்டுக்குள்ள மூண்டு நாலு மருந்து கலந்திருக்கும். குளிசைக் காட்டின்ர (அட்டையின்ர) பின்பக்கச் சின்ன எழுத்தை வெளிச்சத்தில பிடிச்சு வாசிங்க. எந்தத் தொல்லை எந்த மருந்தால வருது எண்டு அதிலயே பிடிபடும்.

பரசிட்டமோல் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும். இதால படபடப்பும் வராது, தூக்கமும் வராது.

குளோர்பெனிரமைன், எங்கட ஆக்கள் பிரிட்டன் (Piriton) எண்டு சொல்றது, மூக்கால தண்ணி ஓடுறதையும் தும்மலையும் குறைக்கும். நித்திரை தூக்குறது, வாய் காயுறது, மலம் இறுகுறது, கண் மங்குறது எல்லாம் இதின்ர வேலை. டைபென்ஹைட்ரமைன், டொக்ஸிலமைன் எண்டு இருந்தாலும் இதே குடும்பம்தான்.

சூடோஎபெட்ரின் அல்லது பினைலெஃப்ரின்: இதுதான் மூக்கடைப்புக்கு எண்டு போடுறது. மூக்குக்குள்ள வீங்கின இரத்தக் குழாயைச் சுருக்கும். வாயால விழுங்கின மருந்து மூக்கு மட்டும் பார்த்துப் போகாது, உடம்பில உள்ள மற்றக் குழாய்களையும் சேர்த்துச் சுருக்கும், இதயத்தையும் தட்டி எழுப்பும். படபடப்பு, கை நடுக்கம், நித்திரையின்மை, பிரஷர் ஏறுறது எல்லாம் இங்கயிருந்து வாறது. இந்தத் தொல்லை கூடுதலாத் தாறது சூடோஎபெட்ரின்.

ஆகவே தூங்கி விழுறவருக்குப் பிரச்சினை குளோர்பெனிரமைன். நித்திரை இல்லாதவருக்குச் சூடோஎபெட்ரின். ரெண்டும் சேர்ந்த குளிசையில ஆளின்ர உடம்பைப் பொறுத்து ஒண்டு மேலோங்கும்.

வயல்வெளி_சம்மாந்துறை
நானா, அப்ப நித்திரை இல்லாமப் போறவங்க குளிசையை விடாம எப்படிச் சமாளிக்கிற?

மருந்துக்கடை_கல்லடி
நேரத்தை மாத்துங்க. சாதாரண 60 மில்லிகிராம் சூடோஎபெட்ரின் நாலு முதல் ஆறு மணித்தியாலம் வேலை செய்யும். பெரிய ஆளுக்கு ஒரு நாள் உச்ச அளவு 240 மில்லிகிராம், அதாவது நாலு குளிசை. அந்த நாலையும் போட்டே தீரணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. காலையில ஒண்டு, பகல் சாப்பாட்டோட ஒண்டு, பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு வேண்டாம். ராவைக்கு மூக்கடைச்சா வேற வழி இருக்கு, கீழ சொல்றன்.

120 மில்லிகிராம், 12 மணித்தியாலம் எண்டு போட்ட குளிசை எண்டா காலையில மட்டும். அதை உடைக்கவோ, சப்பவோ, பொடிச்சுக் கரைக்கவோ கூடாது. மெதுவா அவிழ வேண்டிய மருந்து முழுக்க ஒரேயடியா இறங்கும், படபடப்பு அண்டைக்குத்தான் உச்சம். "பாதி போட்டாக் குறையும்தானே" எண்டு உடைக்கிற ஆக்கள் கனபேர். சாதாரணக் குளிசைக்கு அந்தக் கணக்குச் சரி, 12 மணித்தியாலக் குளிசைக்கு நேர் எதிர்.

அடுத்தது தேத்தண்ணி. தடிமன் எண்டா மணிக்கு ஒரு சாயம், இஞ்சிப் பிளேன்டீ, கோப்பி எண்டு ஊத்துறது எங்கட பழக்கம். சூடோஎபெட்ரினும் கபெயினும் சேர்ந்தா நெஞ்சு அடிக்காம என்ன செய்யும்? குளிசை போடுற நாட்களில சாயத்தை ரெண்டு கோப்பையோட நிப்பாட்டி, மிச்சத்துக்கு கொத்தமல்லி அவிச்ச தண்ணியைக் குடிங்க. எனர்ஜி ட்ரிங்க் பக்கமே போகாதீங்க.

தாதி_கல்முனை
இதோட ஒண்டு சேர்க்கணும். மூச்சுத்திணறல் உள்ள ஆக்கள் தியோபிலின் குளிசை, சல்பியூட்டமோல் பம்ப் பாவிப்பாங்க. அதுவும் நெஞ்சை அடிக்க வைக்கிற மருந்துதான். அதுக்கு மேல சூடோஎபெட்ரினையும் போட்டா ரெண்டும் கூடும். தைரொயிட் கூடுதலா உள்ள ஆக்களுக்கும் அப்படித்தான்.

கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்க. தலையிடிக்கோ, தைரொயிட்டுக்கோ, பதற்றத்துக்கோ புரோப்ரனோலோல் எழுதியிருந்தா சூடோஎபெட்ரின் பிரஷரைச் சட்டென்று தூக்கிவிடும். அமிட்ரிப்டிலின் போடுற ஆக்களும் கேட்காம எடுக்கப்படாது. மனநோய்க்குக் குடுக்கிற எம்.ஏ.ஓ. வகை மருந்து எண்டா, அதை நிப்பாட்டி 14 நாள் போகும்வரை தொடவே கூடாது.

ஆரையம்பதி_அம்மம்மா
பிரஷர் வருத்தக்காரர் என்ன செய்யிறது புள்ள? அவங்களுக்கும் மூக்கு அடைக்கும்தானே.

தாதி_கல்முனை
அம்மம்மா, பிரஷர் கட்டுப்பாட்டில இல்லாட்டி, முன்னம் ஹார்ட் அட்டாக், பாரிசவாதம் வந்திருந்தா, கடுமையான சிறுநீரக வருத்தம் இருந்தா சூடோஎபெட்ரின் வேண்டவே வேண்டாம். அது சிறுநீரால வெளியேறுற மருந்து, கிட்னி பலவீனமா இருந்தா உடம்பிலயே தங்கி நிக்கும். அம்பாறையில தெஹியத்தகண்டிப் பக்கம் கிட்னி வருத்தம் கூட, அங்க உள்ள ஆக்கள் இதைக் கவனத்தில வைக்கணும். 2024 தொடக்கத்தில ஐரோப்பிய மருந்து முகமையும் பிரஷர் கட்டுப்பாட்டில இல்லாத ஆக்களுக்கும் கடுமையான சிறுநீரக வருத்தம் உள்ள ஆக்களுக்கும் இது தடை எண்டு அறிவிச்சது. மூளைக்குப் போற இரத்தக் குழாய் சுருங்கி வீக்கம் வாற ஒரு அரிய ஆபத்தைப் பார்த்துத்தான்.

பிரஷர் மருந்து போட்டுக் கட்டுப்பாட்டில உள்ள ஆக்களும் தானா வாங்கிப் போடுறதை விட்டுட்டு, உப்புத்தண்ணி, செட்டிரிசின் மாதிரி படபடப்புத் தராத ஒவ்வாமை மருந்து, டொக்டர் எழுதினா ஸ்டீரொயிட் ஸ்ப்ரே, இந்த வழியால போறது நல்லம். பிரஷர் மெஷின் வீட்டில இருந்தா காலையும் மாலையும் பாருங்க.

படுவான்கரை
இவ்வளவு மருந்துக் கதை எதுக்கு? நொச்சியும் வேப்பிலையும் போட்டு வேது பிடிச்சா மூக்குத் திறக்கும், பக்கவிளைவும் இல்லை.

தாதி_கல்முனை
மூக்குத் திறக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு ஆறுதல், அதில பிழை இல்லை. பக்கவிளைவு இல்லை எண்டதுதான் பிழை. கொதிக்கிற பானையைப் போர்வைக்குள்ள வச்சு, கால் தட்டுப்பட்டு, தொடையும் வயிறும் வெந்து வாட்டுக்கு வாறது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு வேது பிடிக்க வேண்டாம். பெரியாக்கள் எண்டா கொதியல் அடங்கின பிறகு, கனமான சட்டியை மேசையில வச்சு, நிலத்திலயோ மடியிலயோ வைக்காம பிடியுங்க. சித்தாலேப மாதிரி கற்பூரம், மென்தோல் உள்ளதை மூக்குத் துவாரத்துக்குள்ள பூசாதீங்க. ரெண்டு வயசுக்குக் கீழ பூசவே வேண்டாம்.

வயல்வெளி_சம்மாந்துறை
வெட்டுக் காலத்தில நெல் வெட்டுற மெஷின் ஓடுற ஆக்கள், திரீவீல் ஓடுற ஆக்கள், ராக் கடலுக்குப் போறவங்க எந்தக் குளிசை போட்டா நல்லம்?

மருந்துக்கடை_கல்லடி
குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் உள்ள எதுவும் வேலைக்கு முன்னால வேண்டாம். தூக்கம் வரல்லை எண்டு நினைச்சாலும் கை கால் பதில் சொல்ற வேகம் குறைஞ்சிருக்கும். ராவைக்குப் படுக்கும்போது போட்டு, மறுநாள் காலையில தலை பாரமா இருக்கா எண்டு பார்த்துத்தான் ஸ்டியரிங் பிடிக்கணும். பகலுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் தூக்கம் குறைவு, ஆனா சிலரை அதுவும் தூக்கும். முதல் குளிசையை ஓட்டம் இல்லாத நாளில போட்டுப் பாருங்க. கள்ளோ சாராயமோ சேர்ந்தா கதை வேற, சேர்க்கவே கூடாது.

சிறுபோக வெட்டுக் காலம் சூடான, வறண்ட கச்சான் காத்து அடிக்கிற நேரம். இந்தப் பழைய ஒவ்வாமை மருந்துகள் வியர்வையையும் குறைக்கும். வெயிலில நிண்டு வேலை செய்யிறவர் உடம்பு சூடாகித் தலை சுத்தினா அதுவும் காரணமா இருக்கலாம்.

மாமாங்கத்துப்_பொடியன்
பினைலெஃப்ரின் எண்டு போட்ட குளிசையில மூக்குத் திறக்கிறதே இல்லை எண்டு பேசிக்கொள்றாங்களே, உண்மையா?

மருந்துக்கடை_கல்லடி
உண்மை. 2023 செப்டெம்பரில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு, வாயால எடுக்கிற பினைலெஃப்ரின் வழக்கமான அளவில மூக்கடைப்பைக் குறைக்கிறதில்லை எண்டு ஒருமனதாச் சொன்னது. 2024 நவம்பரில அதை டொக்டர் சீட்டில்லாம விக்கிற மூக்கடைப்பு மருந்துப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் எண்டு எஃப்.டி.ஏ. முன்மொழிஞ்சது. காரணம் லேசு: விழுங்கின மருந்தில பெரும்பகுதியைக் குடல் சுவரே சிதைச்சுப் போடுது, மூக்குக்கு வந்து சேர்றது சொற்பம். மூக்குக்குள்ள விடுற பினைலெஃப்ரின் வேற, அது வேலை செய்யும்.

"எனக்குக் கேட்குதே" எண்டு சொல்றவருக்கு ஆறுதல் தாறது அதே குளிசைக்குள்ள இருக்கிற பரசிட்டமோலும் குளோர்பெனிரமைனும். அப்படியெண்டா அந்த ரெண்டையும் தனித்தனியா, தேவைப்பட்டதை மட்டும் வாங்கலாம். தலையிடி மட்டும் எண்டா பரசிட்டமோல் மட்டும். மூக்கு ஓடுது, நித்திரைக்குப் போகப் போறம் எண்டா குளோர்பெனிரமைன் மட்டும். தேவையில்லாத ஒண்டின்ர பக்கவிளைவு மிச்சம். காசும் மிச்சம், ஆனா கனபேருக்கு பெரிய பெட்டியில கலர் கலரா இருந்தாத்தான் மருந்து எண்ட நினைப்பு.

காத்தான்குடி_தெரு
வெளிநாட்டில இருந்து பார்சலில வாற குளிசைகளைப் பத்தியும் சொல்லுங்க. சவூதி, கட்டார், கனடாவில இருந்து வாறவங்க பெட்டி பெட்டியாக் கொண்டு வாறாங்க, வீட்டில எல்லாரும் எடுத்துப் போடுறாங்க.

மருந்துக்கடை_கல்லடி
நல்ல கேள்வி. வட அமெரிக்கப் பெட்டியில பரசிட்டமோல் எண்டு எழுதியிருக்காது, அசிட்டமினோஃபென் எண்டு இருக்கும். ரெண்டும் ஒண்டுதான். கனடாத் தடிமன் குளிசையைப் போட்டுட்டு, காய்ச்சல் நிக்கல்லை எண்டு மேலால ரெண்டு பனடோல் போட்டா அளவு ரெட்டிப்பு. பெரிய ஆளுக்கு எல்லா மருந்தையும் கூட்டி ஒரு நாளைக்கு நாலு கிராமுக்கு மேல போகக் கூடாது, 500 மில்லிகிராம் கணக்கில எட்டுக் குளிசை. மெலிஞ்ச ஆக்கள், ஈரல் வருத்தக்காரர், குடிக்கிறவங்களுக்கு அதிலயும் குறைவு. ஈரல் பழுதாகிறது முதல் நாளில வெளியில தெரியாது.

அங்கயிருந்து வாற "ராத்திரி மருந்து" சிரப் சிலதில மதுசாரமும் இருக்கு. வளைகுடாப் பெட்டிகளில 120 மில்லிகிராம் சூடோஎபெட்ரின் இருக்கலாம், மேல சொன்ன உடைக்காத கணக்கு அதுக்குத்தான். சிலதில ஐபுபுரூஃபன் கலந்திருக்கும், அது இங்க வேற ஒரு ஆபத்து.

தாதி_கல்முனை
அந்த ஆபத்து டெங்கு. மாரிகாலத்தில காய்ச்சலோட வாற தடிமனை தடிமன் எண்டு மட்டும் முடிவு கட்டாதீங்க. ஐபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் உள்ள எதையும் போட வேண்டாம், இரத்தப்போக்குக்கு வழி திறந்து விடும். காய்ச்சல் ரெண்டு நாள் தாண்டினா எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்க. மூக்கு ஓடுறதால டெங்கு இல்லை எண்டு சொல்ல ஏலாது. காய்ச்சல் விட்ட பிறகு வயித்து நோ, விடாத சத்தி, கை கால் குளிர்றது எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி.

மாமாங்கத்துப்_பொடியன்
மூக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே நெஞ்சை அடிக்காதுதானே? அதையே பாவிச்சா என்ன?

மருந்துக்கடை_கல்லடி
சைலோமெட்டசொலின், ஒக்சிமெட்டசொலின் துளியோ ஸ்ப்ரேயோ மூக்கிலயே வேலை செய்யிறதால உடம்புக்குப் போறது குறைவு. ராவைக்கு நித்திரைக்காக ஒரு தரம் அடிக்கிறதுக்கு இதுதான் குளிசையை விட உகந்தது. ஆனா இதில ஒளிஞ்சிருக்கிற கெடுதல் வேற மாதிரி. அஞ்சு நாளைக்கு மேல பாவிச்சா மருந்து இறங்கிற நேரத்தில மூக்கு முன்னையிலும் மோசமா வீங்கும். திரும்ப அடிக்கணும், திரும்ப வீங்கும். தடிமன் போய் மாசக் கணக்கான பிறகும் சட்டைப் பையில போத்தலோட திரியிற ஆக்களின்ர கதை இதுதான். தடிமன் நிக்கல்லை எண்டு அவங்க நினைப்பாங்க, நிக்காதது மருந்து.

அளவு: பெரியாக்களுக்கு சைலோமெட்டசொலின் 0.1 சதவீதம், ஒரு நாளைக்கு மூண்டு தரத்துக்கு மேல வேண்டாம். ஒக்சிமெட்டசொலின் 0.05 சதவீதம், ரெண்டு தரம். 0.05 சைலோமெட்டசொலின் பிள்ளைகளுக்கு உரியது, ஆறு வயசுக்குக் கீழ டொக்டர் சொல்லாமல் வேண்டாம்.

அடிக்கிற விதமும் இருக்கு. தலையைப் பின்னால சாய்க்காதீங்க, கொஞ்சம் முன்னுக்குக் குனிங்க. வலக்கையால இடது மூக்குக்கு, இடக்கையால வலது மூக்குக்கு. முனை நடுத்தண்டைப் பார்க்காம, அந்தப் பக்கக் காதைப் பார்த்து இருக்கணும். நடுத்தண்டில விழுந்தா அந்த இடம் காஞ்சு இரத்தம் வரும். பலமா உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போய் கசக்கும், மூக்குக்குப் பலன் இல்லை.

படுவான்கரை
மாசக் கணக்கில பழகினவர் எப்படி நிப்பாட்டுறது? ஒரேயடியா விட்டா மூச்சு முட்டி நித்திரை இல்லாமப் போகுமே.

மருந்துக்கடை_கல்லடி
ஒரு மூக்கை மட்டும் முதலில் விடுங்க. வலது பக்கம் நிப்பாட்டி, இடது பக்கம் ராவைக்கு மட்டும். நிப்பாட்டின பக்கம் முதல் வாரம் கஷ்டம் தரும், மறுகா மெல்ல மெல்லத் திறக்கும். அது திறந்த பிறகு இடதையும் விடலாம். ஒரு பக்கமாவது மூச்சுப் போறதால மனம் தளராது. கூடவே புளூட்டிகசோன் மாதிரி ஸ்டீரொயிட் ஸ்ப்ரே டொக்டரிட்டக் கேட்டு, நிப்பாட்டுறதுக்குச் சில நாள் முந்தியே தொடங்கினா நல்லம். அது உடனே திறக்காது, முழுப்பலனுக்கு ஒண்டு ரெண்டு கிழமை எடுக்கும். அடிச்சு அஞ்சு நிமிசத்தில ஒண்டும் நடக்கல்லை எண்டு எறிஞ்சிடாதீங்க.

ஆரையம்பதி_அம்மம்மா
உப்புத்தண்ணி எப்படிக் கலக்கிற எண்டும் சொல்லுங்க. கிணத்துத் தண்ணி காணுமா?

தாதி_கல்முனை
கிணத்துத் தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் நேரா மூக்குக்குள்ள விட வேண்டாம். சில தண்ணியில இருக்கிற அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போகும். அரிது, ஆனா போனா பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. குமிழி வரக் கொதிச்சு மூண்டு நிமிசம் விட்டு, மூடி ஆறவைங்க.

ஒரு லீட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. 250 மில்லிலீட்டருக்குத் தட்டின அரைத் தேக்கரண்டியிலும் ஒரு கிள்ளுக் குறைய. எரியாம இருக்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை. உப்பு இல்லாத வெறும் தண்ணி எண்டாலும், உப்பு கூடினாலும் எரியும். கடைத் தூள் உப்பில அயடீன் இருக்கும், அதால எரியுது எண்டா பார்மசியில நோர்மல் சேலைன் போத்தல் வாங்குங்க. திறந்த போத்தலை அண்டைக்கே முடிக்கணும், மிச்சத்தை வைக்கக் கூடாது.

ஊசி கழட்டின 20 மில்லி சிரிஞ்ச் காணும். சிங்கின் மேல குனிஞ்சு, தலையை ஒரு பக்கம் சரிச்சு, வாயைத் திறந்து வாயால மூச்சு விட்டபடி மேல் பக்கமா இருக்கிற மூக்குத் துவாரத்தில மெல்லத் தள்ளுங்க. மறுபக்கத்தால ஒழுகும். இந்த நேரத்தில விழுங்கவோ பேசவோ கூடாது, காதுக்குள்ள போய் அடைக்கும். பலமாத் தள்ளினாலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம், ஸ்ப்ரே போடுறதெண்டா அதுக்கு முந்தி. சிரிஞ்சைக் கொதிச்ச தண்ணியால கழுவிக் காயவைங்க.

மூக்கால இரத்தம் வந்தா மருந்து ஸ்ப்ரேயை நிப்பாட்டி, முன்னுக்குக் குனிஞ்சு மூக்கின்ர மெத்தையான பகுதியை விடாம 10 நிமிசம் அமத்திப் பிடியுங்க. நடுவில விட்டுப் பார்க்காதீங்க.

எழுவான்கரை
கர்ப்பிணி, பால் குடுக்கிற அம்மா, சின்னப் பிள்ளை?

தாதி_கல்முனை
மூண்டுக்கும் உப்புத்தண்ணி. கர்ப்பத்தில, முக்கியமா முதல் மூண்டு மாசம், சூடோஎபெட்ரின் தவிர்க்கணும். பால் குடுக்கிறவங்களுக்கு அது பால் சுரக்கிறதைக் குறைக்கும், பிள்ளை சிணுங்கும். ஆறு வயசுக்குக் கீழ தடிமன் சிரப், மூக்கடைப்புக் குளிசை எதுவும் வேண்டாம். கைப்பிள்ளைக்கு பால் குடுக்க முந்தி சேலைன் ரெண்டு துளி விட்டாக் காணும்.

பெரியாக்கள் பாவிக்கிற துளிப் போத்தலைப் பிள்ளை எட்டாத இடத்தில வைங்க. ஒண்டு ரெண்டு மில்லிலீட்டர் குடிச்சாலே சின்னப் பிள்ளைக்குத் தூக்கம், இதயத் துடிப்பு குறையிறது, மூச்சு மெலியிறது எண்டு போகும்.

காத்தான்குடி_தெரு
நோன்பு நாளில பகலில குளிசை போட ஏலாது. ராவையில ரெண்டு தரம் போட்டா நித்திரை இல்லாமப் போகுது. என்ன செய்யிற?

மருந்துக்கடை_கல்லடி
நோன்பு திறந்த பிறகு சூடோஎபெட்ரின் தொடாதீங்க. குளோர்பெனிரமைன் தேவை எண்டா தறாவீஹ் தொழுகை முடிஞ்சு படுக்கிற நேரம். சூடோஎபெட்ரின் வேணுமெண்டா ஸஹரில, விடிய முந்திச் சாப்பிடுற நேரம், ஒண்டு. ஆனா அண்டைக்குப் பகல் முழுக்க வாய் காயும், தண்ணியும் குடிக்க ஏலாது, ஆகவே இல்லாம சமாளிக்கிறது மேல். ஸ்டீரொயிட் ஸ்ப்ரேயும் ஸஹரில போடலாம். பகலில துளி விடலாமா எண்டது மார்க்க விசயம், அதை மௌலவியிட்ட கேளுங்க.

வாய் காயுறது பத்தி எல்லாருக்கும்: தண்ணியை அடிக்கடி சின்னச் சின்ன மிடறாக் குடிங்க, சீனி இல்லாத சுவிங்கம் சப்புங்க. இனிப்பு டொபி வேண்டாம், காஞ்ச வாயில பல் கெதியாப் பழுதாகும். இளநீர் நல்லம், கிட்னி வருத்தக்காரர் தவிர.

வயல்வெளி_சம்மாந்துறை
எங்கட பக்கம் வயசான ஆக்கள் குளிசை போட்ட பிறகு சலம் போகுதில்லை எண்டு சொல்றாங்க. அதுவும் இதாலயா?

தாதி_கல்முனை
ஓம். புரஸ்டேட் வீங்கின ஆண்களுக்கு ரெண்டு பக்கத்தாலயும் அடி விழும். சூடோஎபெட்ரின் சலப்பையின் வாயை இறுக்கும், குளோர்பெனிரமைன் சலப்பையைத் தள்ள விடாது. ராவில அடிக்கடி எழும்புறவர், சலம் மெல்லிசாப் போறவர் ரெண்டையும் தவிர்க்கணும். கண் பிரஷர், அதாவது குளுக்கோமா உள்ளவரும் அப்படித்தான். அடிவயிறு உப்பி, முக்கியும் ஒரு துளி வராட்டி வீட்டில தண்ணி குடிச்சுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஈ.டி.யூ.) போய் டியூப் போட்டு எடுக்கிற வேலை.

அதே மாதிரி நெஞ்சு நோ, சட்டென்று வெடிச்ச மாதிரித் தலையிடி, கண் தெரியாமப் போறது, பேச்சுக் குழர்றது, வலிப்பு எண்டா குளிசைக் காட்டையும் கையில எடுத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. மட்டக்களப்பு போதனாவோ, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்தமோ, அம்பாறையோ, எது கிட்டவோ அங்க. காட் இருந்தா என்ன மருந்து எண்டு தேடுற நேரம் மிச்சம்.

எழுவான்கரை
கடைசியா ஒண்டு. ஏற்கனவே குளிசை போட்டு இப்ப படபடக்குது எண்டா, அந்த நேரம் என்ன செய்யிற?

மருந்துக்கடை_கல்லடி
அடுத்த குளிசையை விடுங்க, சாயத்தை விடுங்க. ஃபேனுக்குக் கீழ சாய்ஞ்சு இருங்க, தண்ணி குடிங்க. சாதாரணக் குளிசை எண்டா ஆறு மணித்தியாலத்துக்குள்ள இறங்கும், 12 மணித்தியாலக் குளிசை எண்டா அந்த நாள் முழுக்க எடுக்கும். இருந்தபடியே ஒரு நிமிசம் நாடியை எண்ணுங்க. 120க்கு மேல நிண்டு இறங்காட்டி, அல்லது துடிப்பு தாறுமாறா விட்டு விட்டு அடிச்சா டொக்டரிட்டக் காட்டுங்க. படபடப்பை அடக்க எண்டு வீட்டில கிடக்கிற புரோப்ரனோலோலை எடுத்துப் போட வேண்டாம், காரணம் மேல தாதி மிஸ்ஸி சொல்லியிருக்கிறா. எந்தக் குளிசையால வந்தது எண்டு கிளினிக் கொப்பியில மருந்துப் பேரோட எழுதி வைங்க, அடுத்த முறை கடையில அதைக் காட்டினா நாங்க வேற தருவம்.